‘உங்களை’ என்ற இடத்தில்

ஆறு சனிக்கிழமைகள்
ஃபெர்ரி ஏறிப் போனோம்.
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில்
குருவானவர் இல்லாத ஐந்து ஊர்களிலிருந்து
ஏழு பேர்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் செல்பி,
தபால் நிலையத்து எல்ஃப்ரீடா,
நண்டுத் தொழிற்சாலையில் கால் பிரிக்கும் நான்.
இன்னும் நால்வர்;
அதில் ஒருவர் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டார்,
தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை என்று.

கேனன் மரீனா ஸ்ட்ரிக்லண்ட்
முதல் நாள் முழுக்கக்
கூடாதவற்றைச் சொன்னார்.
அப்பத்தை ஆசீர்வதிக்கக் கூடாது.
கையுயர்த்திச் சிலுவை வரையக் கூடாது.
பக்கம் புரட்ட விரலை நக்கக் கூடாது.
அறிவிப்புகளை மீன்விலைபோல் ஒப்பிக்கக் கூடாது.
அழுகை வந்தால் வரட்டும்,
மைக்கிலிருந்து மூக்கை மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள்.

வெறும் கோயிலில் எரேமியா வாசித்தேன்.
கடைசி வரிசையில் செல்பி.
காதில் விழாதபோது கை தூக்குவது அவர் வேலை.
கல்தேயர் வந்தபோதெல்லாம்
கை எழுந்தது.
ஊருக்குத் திரும்பிக்
குளிர் அறையில், ஷிஃப்ட் முடிந்தபின்,
பெட்டி பெட்டியாக நண்டுகளுக்குக்
கல்தேயரை அறிவித்தேன்.
யாரும் கை தூக்கவில்லை.

மௌனத்துக்கும் பாடம் உண்டு.
பாவ அறிக்கைக்குப் பின் ஏழு எண்ணுங்கள்.
ஐந்தில் நிறுத்தினால் பயம்.
பத்தைத் தாண்டினால் யாராவது இருமுவார்கள்.

கடைசிச் சனிக்கிழமை
ஆளுக்கொரு பென்சில் தந்தார்.
‘கடவுள் உங்களை மன்னித்து’ என்பது குருவானவர் வாக்கு.
அதை அடித்துவிட்டு
‘நம்மை’ என்று எழுதுங்கள்.
அவ்வளவுதான் வித்தியாசமா என்றாள் எல்ஃப்ரீடா.
அவ்வளவுதான் என்றார் கேனன்,
தன் பென்சிலைச் சீவியபடி.
சூப்பர்வைசருக்கு வெள்ளைக் கோட்டு,
எங்களுக்கு ரப்பர் ஏப்ரன்,
அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர், என் முதல் ஞாயிறு.
காற்றில் ஃபெர்ரி ரத்து.
எண்ணெய் அடுப்பு முனகிக்கொண்டிருந்தது.
எட்டுப் பேர்.
முதல் பாட்டு முடியும் தறுவாயில்
ஒன்பதாவதாக கார்லண்ட் கீப்பிங்.
அடுப்புக்குப் பக்கமென்று
இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்.

என் தம்பியின் வலைகளைப் பற்றி
மீன்வளத் துறைக்கு எழுதிய கை அது.
படகு விற்றாகிவிட்டது.
தம்பி ஆல்பர்ட்டாவில் குழாய் இறுக்குகிறான்.
பதினோரு வருடமாகக் கடையில்
அவர் ரொட்டிப் பக்கம் வந்தால்
நான் ஆணிப் பக்கம்.
வீட்டில் தேவைக்கு மேல் ஆணி.

பாவ அறிக்கை முடிந்தது.
எண்ணத் தொடங்கினேன்.
ஏழு வந்தது, போனது.
பன்னிரண்டு.
யாரும் இருமவில்லை.
அச்சில் ‘உங்களை’ கறுப்பாக நின்றது,
மேலே பென்சில் எழுத்து பாதி அழிந்து.
அச்சையே வாசித்திருக்கலாம்.
கண்டுபிடிக்க யார் இருக்கிறார்கள்?
‘உங்களை’ என்றால்
அவர் அங்கே, நான் இங்கே,
நடுவில் பீடத்தின் மரக்கிராதி.
மற்றதில் கிராதி கிடையாது.
தள்ளி உட்காரச் சொல்லவும் முடியாது.

இருபதுக்குமேல் எண்ணிக்கை தவறியது.
‘நம்மை’ என்றேன்,
உதட்டுக்கு வெளியே வந்ததோ இல்லையோ.

பின்வரிசையில் ஹேசல் தீல்
கை தூக்கினாள்.
அவளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை,
காதுதான் மந்தம்.
‘கேட்கல, மா.’

மறுபடி சொன்னேன்.
இந்தமுறை
குளிர் அறையின் குரலில்,
கல்தேயர் குரலில்,
மன்னித்து, நம்மை,
சுவரில் பட்டுத் திரும்பி வரும்படி.
கார்லண்ட் நிமிரவில்லை.
கையுறையின் பிரிந்த நூலை
விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பதிவேட்டில் ‘வந்தவர்கள்’ என்ற கட்டம்.
நடத்துகிறவரையும் சேர்த்து எண்ணலாமா?
ஆறு சனிக்கிழமைகளில்
அதை யாரும் கேட்கவில்லை.
ஒன்பது என்று எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்றிருந்தார்.
என்னைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து:
‘டேங்கில் கால்வாசிதான் எண்ணெய்.
யாரிடமாவது சொல்லு.’

திங்கள் காலை லாரிக்குச் சொன்னேன்.
கால்வாசிகூட இல்லை.